ஒரேயடியாகத் திறப்பதா, இடைவெளி விட்டுத் திறப்பதா? பொதுமுடக்கத் தளர்வின் நான்கு வழிகள்

2021 ஜூன் 26-ஆம் நாள் நெதர்லாந்து தன் கோவிட்-19 கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை ஒரே மூச்சில் விலக்கிக்கொண்டது. ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த இரவு நடன விடுதிகள் திறந்தன. தொற்று இல்லை என்ற பரிசோதனைச் சான்றையோ தடுப்பூசிச் சான்றையோ கைப்பேசியில் காட்டினால் உள்ளே போகலாம். ஒற்றைத் தவணைத் தடுப்பூசியை அன்று போட்டுக்கொண்டவருக்கு அன்றே அனுமதி கிடைத்தது; எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரமாவது ஆகும் என்பது அப்போதே தெரிந்த செய்திதான். அந்த நாள்களில் நாடு முழுவதும் ஒரு நாளில் பதிவான புதிய தொற்றுகள் ஏறத்தாழ 600. ஜூலை 10-இல் அந்த எண் 10,000-ஐத் தாண்டியது. அன்றே விடுதிகள் மீண்டும் மூடப்பட்டன. இரண்டு நாள் கழித்துப் பிரதமர் மார்க் ருட்டே, கணிப்பு தவறிவிட்டது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

தளர்த்தியதே தவறு என்று இதற்கு ஒருவர் விளக்கம் சொல்லலாம். டெல்டா திரிபு பரவத் தொடங்கிய பொல்லாத நேரம் என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனாலும் பல கதவுகளை ஒரே நாளில் திறந்ததால், எந்தக் கதவின் வழியே தொற்று ஏறுகிறது என்று பார்ப்பதற்கும், பார்த்த பின் அந்த ஒன்றை மட்டும் சாத்துவதற்கும் அவகாசமே இல்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய பிழையாகத் தெரிகிறது. மூன்றரை நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிற எண்ணை, பத்து நாள் பழைய தகவலைக் கையில் வைத்துக்கொண்டு எவராலும் துரத்திப் பிடிக்க முடியாது.

கோவிட்-19 காலத்தில் உலக நாடுகள் பொதுமுடக்கத்திலிருந்து வெளியேறிய வழிகளை நான்காக வகைப்படுத்தலாம்: ஒரேயடியாகத் திறப்பது, இடைவெளி விட்டுப் படிப்படியாகத் திறப்பது, பகுதிவாரியாகத் திறப்பது, எண் ஏறினால் மூடி இறங்கினால் திறப்பது. அடுத்த பெருந்தொற்று வேறொரு கிருமியால் வந்தாலும் ஆட்சியாளர் முன் இருக்கப்போவது ஏறத்தாழ இதே நான்கு வழிகள்தான். ஆகவே இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பழங்கதை பேசுவதாகாது.

முதலில் கணக்கு

தொற்றிய ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்பதைப் பரவல் எண் என்கிறோம். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் தொற்று தேயும், மேலே இருந்தால் வளரும். இது எல்லோரும் அறிந்தது. ஒன்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது, எந்த எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் தளர்வின் விலையைத் தீர்மானிக்கின்றன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஒரு நாளைக்கு 1,000 புதிய தொற்றுகள் பதிவாகும் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவ ஐந்து நாள் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், முப்பது நாளில் ஆறு தாவல்கள். முடக்கத்தில் பரவல் எண் 0.8 ஆக இருந்தால் முப்பது நாள் முடிவில் அந்த 1,000 ஏறத்தாழ 260 ஆகிவிடும். அதே முப்பது நாளில் 0.9 என்றால் 530. 1.1 என்றால் 1,770. 1.3 என்றால் 4,800-க்கும் மேல். 0.9-க்கும் 1.1-க்கும் உள்ள வேறுபாடு அன்றாட வாழ்வில் மிகச் சிறியது: வாரத்துக்கு ஓரிரு சந்திப்புகள், ஓர் அலுவலக அறை, ஒரு விருந்து. விளைவிலோ மாதக் கடைசியில் மூன்று மடங்குக்கும் மேலான வேறுபாடு.

இதே கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் போட்டுப் பார்க்க வேண்டும். 1,000-இல் இருக்கும்போதே திறக்காமல் ஒரு மாதம் பொறுத்து 260-இல் திறந்தால், திறந்த பின் பரவல் எண் 1.3-க்கு ஏறிவிட்டாலும், மீண்டும் 1,000-ஐத் தொட ஏறத்தாழ 25 நாள் பிடிக்கும். அதாவது முப்பது நாள் பொறுமைக்குக் கிடைத்த கூலி இருபத்தைந்து நாள் அவகாசம். அந்த அவகாசத்தில் தடுப்பூசி போடுவதோ, தொற்றியவரோடு பழகியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பணியாளர்களை அமர்த்துவதோ நடந்தால் பொறுத்தது நல்ல வியாபாரம். ஒன்றும் நடக்காவிட்டால், அதே சுவரில் ஒரு மாதம் தாமதமாக முட்டிக்கொண்டதாகத்தான் ஆகும்.

இன்னொரு சிக்கல் தாமதம். கோவிட்-19 முதலில் பரவிய காலத்தில், கிருமி உடலில் புகுந்ததிலிருந்து அறிகுறி தெரிய நடுத்தரமாக ஐந்து நாள் ஆயிற்று. அறிகுறி கண்டவர் பரிசோதனைக்குப் போய், முடிவு வந்து, அது மாவட்டக் கணக்கில் ஏறுவதற்கு இன்னும் சில நாள். மருத்துவமனையில் சேரும் நிலை வர மேலும் ஒரு வாரம்; உயிரிழப்பு அதற்கும் பின்னால். எனவே இன்று எடுத்த தளர்வின் முதல் சுவடு பத்து நாள் கழித்துத்தான் தொற்றுக் கணக்கில் தெரியும். அந்தச் சுவடும் வார இறுதி விடுமுறை, பரிசோதனைக் குறைவு போன்ற ஏற்ற இறக்கங்களுக்குள் மறைந்து கிடக்கும். இரண்டு மூன்று தாவல்கள் கடந்தால்தான் அது உண்மையான ஏற்றம் என்று உறுதியாகச் சொல்லலாம். மருத்துவமனைக் கட்டில்களில் தெரிய நான்கு வாரம் ஆகிவிடும்.

கணக்கில் அடங்காத ஒன்றும் உண்டு. கட்டளை விலகும் நாளும் மக்கள் வெளியே வரும் நாளும் ஒன்றல்ல. 2020-இல் அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஆஸ்டன் கூல்ஸ்பீயும் சாட் சிவர்சனும் கைப்பேசித் தரவுகளை வைத்து ஆராய்ந்தபோது, கடைகளுக்கு வருவோர் எண்ணிக்கை 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்ததில் சட்டக் கட்டுப்பாட்டின் பங்கு 7 புள்ளிகள் மட்டுமே என்று கண்டார்கள். மற்றதெல்லாம் அச்சத்தால் தானாக ஒதுங்கியது. இதைக் காட்டி முடக்கமே வீண் என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடு இல்லை. இதிலிருந்து தளர்வு பற்றி நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. அறிவிப்பு வந்த முதல் வாரத்தில் பரவல் ஏறவில்லை என்பதை வைத்து அந்தத் தளர்வு பாதுகாப்பானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அச்சம் மெல்லத்தான் கரையும், சந்திப்புகளும் மெல்லத்தான் கூடும்.

ஒரேயடியாகத் திறப்பது

இதன் கவர்ச்சி எளிது. தொழில்கள் ஒன்றாகத் தொடங்குகின்றன, யார் முதலில் யார் பிறகு என்ற வழக்கு எழுவதில்லை, விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நெதர்லாந்தின் கதை இதன் ஒரு முகம். இன்னொரு முகம் சீனா. 2022 டிசம்பர் 7-இல் பத்து அம்ச அறிவிப்பின் மூலம், மூன்றாண்டுகளாகக் கட்டிக் காத்த பூஜ்யத் தொற்றுக் கொள்கையை அந்நாடு ஏறத்தாழ ஒரே நாளில் கைவிட்டது. 80 வயதைத் தாண்டியவர்களில் தடுப்பூசியின் ஊக்கத் தவணை (பூஸ்டர்) போட்டுக்கொண்டவர்கள் அப்போது 40 விழுக்காடு அளவில்தான் இருந்தார்கள். டிசம்பர் 8 முதல் ஜனவரி 12 வரை மருத்துவமனைகளில் மட்டும் ஏறத்தாழ 60,000 பேர் இறந்ததாக அரசே அறிவித்தது. வீடுகளில் இறந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. மக்கள்தொகையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குத் தொற்றிவிட்டது என்று ஜனவரி மூன்றாம் வாரத்தில் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் தலைமை வல்லுநர் சொன்னார்.

இதே வழி டென்மார்க்கில் வேறு விதமாக முடிந்தது. 2022 பிப்ரவரி 1-இல் அங்கும் கட்டுப்பாடுகள் ஏறத்தாழ முழுமையாக நீங்கின, அதுவும் தொற்று எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும்போதே. ஆனால் அதற்குள் மக்களில் பத்தில் எட்டுப் பேர் இரண்டு தவணையும், ஏறத்தாழ ஆறு பேர் ஊக்கத் தவணையும் போட்டிருந்தார்கள்; தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோர் எண்ணிக்கை ஏறாமல் இறங்கிக்கொண்டிருந்தது. தொற்றுக்கும் கட்டிலுக்கும் இருந்த கயிறு அறுந்திருந்ததால், தொற்று எவ்வளவு பரவினாலும் மருத்துவமனை திணறவில்லை. ஒரேயடியாகத் திறப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே சூழல் இதுதான். கயிறு அறுந்ததா என்பதை ஊகத்தில் சொல்லக் கூடாது. கட்டில் கணக்கு காட்ட வேண்டும்.

இடைவெளி விட்டுப் படிப்படியாக

2020 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் குறைந்தது இரண்டு வாரம் விட வேண்டும் என்றது. மேலே சொன்ன தாமதக் கணக்கை வைத்துப் பார்த்தால் இரண்டு வாரம் என்பது விளிம்பில் நிற்கும் அளவு: தொற்றுக் கணக்கின் முதல் அசைவு தெரியும், கட்டில் கணக்கு தெரியாது.

2021-இல் இங்கிலாந்து இதைவிட நிதானமான ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டது. மார்ச் 8-இல் பள்ளிகள். மார்ச் 29-இல் திறந்தவெளிச் சந்திப்புகள். ஏப்ரல் 12-இல் கடைகளும் உணவகங்களின் வெளிப்புற இருக்கைகளும். மே 17-இல் உணவகங்களின் உட்புறம். ஜூன் 21-இல் மீதி எல்லாம். பெரிய படிகளுக்கு இடையே ஐந்து வாரம் விடப்பட்டது: விளைவைத் தரவுகளில் காண நான்கு வாரம், மக்களுக்கும் தொழில்களுக்கும் முன்னறிவிப்பாக ஒரு வாரம். ஒவ்வொரு படிக்கும் முன் தடுப்பூசியின் வேகம், அதன் பலன், மருத்துவமனைச் சுமை, புதிய திரிபு என்ற நான்கு சோதனைகள். சொன்ன நாளுக்கு முன்னால் எந்தப் படியும் வராது, பின்னால் போகலாம் என்பது இதன் உள்நாதம். டெல்டா பரவியபோது அந்த விதி உண்மையிலேயே வேலை செய்தது: கடைசிப் படி ஜூன் 21-இலிருந்து ஜூலை 19-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. நெதர்லாந்து எல்லாவற்றையும் திறந்ததும், இங்கிலாந்து ஒரு படியை நிறுத்திவைத்ததும் ஒரே மாதத்தில், ஒரே திரிபின் முன்னால் நடந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜூலை 19-க்குப் பிறகு அன்றாடத் தொற்று ஒரு இலட்சத்தைத் தொடக்கூடும் என்று சுகாதார அமைச்சரே எச்சரித்திருந்தார். நடந்தது நேர்மாறு, அடுத்த சில நாள்களில் எண்ணிக்கை சரிந்தது. பள்ளி விடுமுறை, கால்பந்துப் போட்டிகளின் முடிவு, தனிமைப்படுத்தப்பட்டவர்களின் பெருக்கம் என்று பின்னால் காரணங்கள் சொல்லப்பட்டன. கணிப்பு இரண்டு நாடுகளிலும் தவறியது, எதிரெதிர்த் திசைகளில். கணிப்பையே நம்பித் திறந்த நாடு விலை கொடுத்தது. கணிப்பு தவறினாலும் தாங்கும்படி இடைவெளி வைத்திருந்த நாடு தப்பியது.

இந்த வழியின் குறை வெளிப்படை. கடைசியாகத் திறக்கப்படுகிறவருக்கு, அவர் கலைஞராக இருந்தாலும் விடுதி நடத்துபவராக இருந்தாலும், நான்கைந்து மாத வருமானம் போகிறது. அந்த இழப்பை அரசு ஈடு செய்யாவிட்டால் ஐந்து வார இடைவெளி என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும். பின்கதவு வழியாகக் கடைகள் திறந்துவிடும்.

பகுதிவாரியாக

தொற்று இல்லாத மாவட்டத்தை ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. 2020 மே மாதத் தொடக்கத்தில் இந்தியா தன் 733 மாவட்டங்களைத் தொற்றின் தீவிரத்தைப் பொறுத்துச் சிவப்பு 130, ஆரஞ்சு 284, பச்சை 319 என்று பிரித்தது. அதே வாரத்தில் ஜெர்மனி, ஏழு நாளில் ஒரு இலட்சம் பேருக்கு 50 புதிய தொற்றுகள் என்ற கோட்டைத் தாண்டும் மாவட்டம் மட்டும் மீண்டும் கட்டுப்பாட்டுக்குள் போக வேண்டும் என்று வகுத்தது.

ஜூன் மாதத்தில் அந்தக் கோட்டுக்குச் சோதனை வந்தது. கூட்டர்ஸ்லோ மாவட்டத்தில் ஓர் இறைச்சி ஆலையில் 1,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று உறுதியாக, ஜூன் 23-இல் மாவட்டம் முழுவதும் முடக்கப்பட்டது. ஜூலை 6-இல் மியூன்ஸ்டர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடக்கத்தை நிறுத்திவைத்தது. ஆலையைச் சுற்றி நிற்கும் தொற்றுக்காக மாவட்டத்தின் எல்லா மூலையையும் பூட்டுவது அளவுக்கு மீறியது என்பது அதன் பார்வை. மாவட்ட எல்லை என்பது நிர்வாகத்துக்காகப் போட்ட கோடு. கிருமி போவது வேலைக்குப் போகும் பேருந்தில். இந்தியாவின் பச்சை மாவட்டங்கள் பல அடுத்த சில வாரங்களில் நிறம் மாறியதற்கும், மக்கள் ஊர் திரும்பிய வழித்தடங்கள் ஒரு காரணம்.

எல்லை உண்மையாகவே காக்கப்படும் இடத்தில் இந்த வழி நன்றாகவே பலன் தருகிறது. நியூசிலாந்தில் 102 நாள் உள்ளூர்த் தொற்றே இல்லாமலிருந்து 2020 ஆகஸ்ட் 11-இல் ஆக்லாந்தில் ஒரு குடும்பத்தில் தொற்று தெரிந்தபோது, மறுநாளே அந்நாட்டின் நான்கு எச்சரிக்கை நிலைகளில் அந்நகரம் கடுமையான மூன்றாம் நிலைக்கும் மற்ற நாடு அதைவிடத் தளர்வான இரண்டாம் நிலைக்கும் போயின. சாலைகளில் சோதனைச் சாவடிகள் நின்றன. தொடக்க எண்ணிக்கை பூஜ்யத்துக்கு அருகில் இருந்ததால் ஒவ்வொரு தொற்றின் வேரையும் தேட ஆள் இருந்தது. எண்ணிக்கை ஆயிரங்களில் இருந்திருந்தால் அதே சாவடிகள் வெறும் போக்குவரத்து நெரிசலாகத்தான் முடிந்திருக்கும்.

ஏறினால் மூடு, இறங்கினால் திற

2020 மார்ச் 16-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையில் இந்த வழி வரைபடமாகவே இருந்தது: தீவிர சிகிச்சைச் சேர்க்கை வாரத்துக்கு 100-ஐத் தொட்டால் கட்டுப்பாடு, 50-க்கு இறங்கினால் விலக்கு. அப்படி நடத்தினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காலம் கட்டுப்பாட்டிலேயே கழியும் என்றும் அதுவே கணித்தது. காகிதத்தில் இது மிக அழகான வழி. மனிதர்களை வைத்து நடத்தும்போது அந்த அழகு நிற்பதில்லை.

1918 இன்ஃப்ளூயன்சாவின்போது சான் பிரான்சிஸ்கோவில் நவம்பர் 21 நண்பகலில் சங்கொலி ஊதி முகக்கவசக் கட்டாயத்தை நீக்கினார்கள். மக்கள் கவசங்களைத் தெருவிலேயே கழற்றி எறிந்தார்கள். டிசம்பரில் நோய் மீண்டும் ஏறியது. ஜனவரியில் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது அதை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றிப் பொதுக்கூட்டம் நடத்தியது. முதல் முறை கீழ்ப்படிந்த ஊர் இரண்டாம் முறை வாதிட்டது. ஏற்ற இறக்க வழி ஒவ்வொரு சுற்றிலும் அதே கீழ்ப்படிதல் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறது, கிடைப்பதில்லை. கட்டில் எண்ணைத் தூண்டுகோலாக வைப்பதும் ஆபத்து, ஏனெனில் கட்டில் கணக்கு மூன்று நான்கு வாரம் பழையது. 100-ஐத் தொட்டது தெரியும் நாளில், அடுத்து தீவிர சிகிச்சைக்கு வரப்போகும் பல நூறு பேருக்கு ஏற்கெனவே தொற்றிவிட்டிருக்கும்.

எந்தக் கதவு முதலில்

எந்த வழியைத் தேர்ந்தாலும், பரவல் எண் 0.8-இல் இருக்கும்போது ஒன்றைத் தொட நமக்கு 0.2 மட்டுமே கையிருப்பு. அதை எதற்குச் செலவிடுவது என்பதே வரிசை. இதில் சராசரி நம்மை ஏமாற்றும். கோவிட்-19-இல் தொற்றியவர்களில் பத்து முதல் இருபது விழுக்காட்டினரே ஏறத்தாழ 80 விழுக்காடு பரவலுக்குக் காரணம் என்று பல ஆய்வுகள் காட்டின. பெரும்பாலோர் ஒருவருக்கும் பரப்பாமல் குணமாகிறார்கள். ஒருவர் ஒரே மாலையில் ஐம்பது பேருக்குக் கொடுத்துவிடுகிறார். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் மாவட்டத்தில் 2020 மார்ச் 10 அன்று 61 பேர் இரண்டரை மணி நேரம் சேர்ந்திசைப் பயிற்சி செய்தார்கள். ஒருவருக்கு மட்டும் சளி போன்ற அறிகுறி இருந்தது. உறுதியானதும் ஐயத்துக்குரியதுமாகச் சேர்த்து 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். மூடிய அறை, உரத்த குரல், நெடுநேரம்: இந்த மூன்றும் சேரும் இடம் கடைசியாகத் திறக்க வேண்டிய இடம்.

கூட்டத்தின் அளவும் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கனமானது. பத்துப் பேர் கூடினால் 45 இணைகள். இருபது பேர் கூடினால் 190. வரம்பை இரட்டிப்பாக்கும் அறிவிப்பு வாய்ப்புகளை நான்கு மடங்காக்குகிறது. டென்மார்க் 2020 ஏப்ரல் 15-இல் மழலையர் கூடங்களையும் ஐந்தாம் வகுப்பு வரையிலான பள்ளிகளையும் முதலில் திறந்தபோது, பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, மேசைகளை விலக்கிப் போட்டு, முடிந்தவரை வெளியிலேயே வைத்திருந்தது. பெரிய வகுப்புகள் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தன. எதிர்பார்த்து அஞ்சிய ஏற்றம் வரவில்லை. திறந்தது பள்ளி என்பதைவிட, திறந்த விதம் இணைகளைக் குறைவாக வைத்திருந்தது என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

எதைத் தேர்வது

தடுப்பூசியோ முன்தொற்றின் எதிர்ப்பாற்றலோ கட்டில் சுமையைக் குறைத்துவிட்டது என்பதற்குச் சான்று இல்லாத வரை, குறைந்த எண்ணிக்கையில் தொடங்கி, நான்கு முதல் ஐந்து வார இடைவெளியில், ஒரு படிக்கு ஒரு வகை இடத்தை மட்டும் திறப்பதையே நான் தேர்வேன். பரிசோதனை வசதி நன்றாக உள்ள இடத்தில் தொற்றுக் கணக்கை நம்பி இடைவெளியை மூன்று வாரமாகச் சுருக்கலாம். பரிசோதனை செய்தவர்களில் தொற்று உறுதியாவோர் பங்கு 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அந்தக் கணக்கே நம்பத்தக்கதன்று. அப்போது கட்டில் கணக்குக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எல்லையைக் காக்க முடிந்த தீவுக்கோ தனித்த பகுதிக்கோ பகுதிவாரி முறை இதைவிடச் சிறந்தது. ஏற்ற இறக்க முறையைத் திட்டமாக ஏற்க மாட்டேன். ஆனால் அதிலிருந்து ஒன்றைக் கடன் வாங்குவேன்: எந்த எண்ணைத் தொட்டால் எந்தப் படி திரும்பப் பெறப்படும் என்பதை, அந்தப் படியை அறிவிக்கும் அன்றே, அதே அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.